முதல் வரிக்குக் கீழே

அத்தியாயம் 14

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குச் சுரேந்தர் செய்த காரியம், வெள்ளிக்கிழமை விடிந்த பிறகும் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அன்று மனைவி வைதேகியின் மின்னஞ்சல் வீட்டு மடிக்கணினியில் திறந்தே கிடந்தது. அவள் வீடு இருந்த செங்காங்கிலேயே ஒரு பல் கிளினிக்கில் பகுதி நேர வரவேற்பு வேலைக்குப் போயிருந்தாள். வேலை நேரத்தில் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். தஞ்சோங் பகாரில் இருக்கும் ஒரு கப்பல் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து அப்போது ஒரு கடிதம் வந்து விழுந்தது. 'தேர்வு எழுதியவர்களில் நீங்கள் முதலிடம் பெற்றிருப்பதைத் தெரிவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறோம்' என்ற முதல் வரியைச் சுரேந்தர் படித்தான். உடனே அழித்தான். அழித்தவை போய்ச் சேரும் பெட்டியைத் திறந்து அங்கிருந்தும் அழித்தான். பிறகு எழுந்து போய்ச் சமைக்க அரிசி களைந்தான்.

ஆவணங்களைப் படித்துச் சரிபார்க்கும் வேலைக்கான அதே தேர்வை அவனும் எழுதியிருந்தான். அவனுக்கு எதுவும் வரவில்லை.

இருபத்திரண்டு வருடம் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் இருந்தவன். ஜனவரியில் ஆட்குறைப்பு. அதன் பிறகு போன நேர்காணல்களில் எல்லாம் முப்பது பக்கத்தைக் கையில் கொடுத்து, இருபது நிமிடத்தில் சாரம் கேட்டார்கள். அதற்காகத்தான் ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் ரவூப் நடத்தும் வேக வாசிப்பு வகுப்பில் சேர்ந்தான். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தது.

"நீயும் வா. சும்மா பக்கத்துல உக்காந்திரு" என்று வைதேகியை அழைத்துப் போனவன் அவன்தான்.

முதல் வகுப்பில் அவள் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். நிமிடத்துக்கு நூற்று நாற்பது சொற்கள். அந்த அறையிலேயே கடைசி. திரும்பி வரும்போது ரயிலில் அவளைத் தோளில் தட்டிச் சமாதானம் சொல்லியிருந்தான். அந்தச் சமாதானத்தை நினைத்தால் இப்போது அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

*

வெள்ளிக்கிழமை காலை, மகள் கவிப்ரியா சாப்பாட்டு மேசைக்கு ஒரு கையேட்டைக் கொண்டுவந்து போட்டாள். பல்கலைக்கழகச் சேர்க்கை விதிகள். முப்பத்தாறு பக்கம்.

இந்த வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் படித்துச் சொல்பவன் சுரேந்தர். வீட்டுவசதிக் கழகக் கடிதம், வரிக் கடிதம், பள்ளிச் சுற்றறிக்கை எல்லாமே 'அப்பாகிட்ட குடு' என்றுதான் வரும். அவன் கையை நீட்டினான்.

கவிப்ரியா அதைப் பார்க்கவே இல்லை.

"அம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க. ரெண்டு கோர்ஸ் ஒண்ணா எடுத்தா போர்ட்ஃபோலியோ வேணுமா, வேணாமா? எனக்குக் கன்ஃபியூஸா இருக்கு."

வைதேகி தோசைக் கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். முதலில் பொருளடக்கம். பிறகு தலைப்புகளை மட்டும் பார்த்தபடி பக்கங்களைப் புரட்டினாள். ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றாமலே வரிகளுக்கு அடியில் ஓட்டினாள். உதடு அசையவில்லை. இரண்டு இடத்தில் மட்டும் பேனா மெதுவானது.

நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"வேணும். ஆனா ஒரே ஒரு போர்ட்ஃபோலியோ போதும். ரெண்டுக்கும் அதையே எடுத்துக்குவாங்க. இருபத்தொன்பதாம் பக்கத்துல அடிக்குறிப்புல இருக்கு பாரு. கடைசித் தேதி மட்டும் வேற வேற."

"அம்மா, நீங்க ரொம்ப பவர் லா!" என்று கவிப்ரியா அவளைக் கட்டிக்கொண்டாள்.

சுரேந்தர் நீட்டிய கையைச் சட்னிக் கிண்ணத்துக்குத் திருப்பினான்.

"கருகுது பாரு" என்றான்.

வைதேகி அடுப்பங்கரைக்கு ஓடினாள். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, தஞ்சோங் பகார்காரங்க உங்களுக்கு ஏதாச்சும் மெயில் போட்டாங்களா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல. எனக்கு வரலேன்னா பரவால்ல, உங்களுக்கு வந்துடணும்னு வேண்டிக்கிட்டேன். நான் சும்மா எழுதினவதானே."

அவள் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைச் சொல்கிறவள் இல்லை. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் 'சும்மா' அவனைக் குத்தியது. நான் உயிரைக் கொடுத்துப் படித்தேன், நீ சும்மா எழுதி முதலிடம் வாங்கினாய், அப்படித்தானே?

"இன்னும் ரெண்டு தோசை போடு" என்றான். பசியே இல்லை.

*

வெள்ளிக்கிழமை வகுப்பு எப்போதும் மூன்று மணிக்குத்தான். ரவூப் ஜும்மா தொழுகை முடித்து வந்து சேர வேண்டும். ரவூப்புக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு சட்ட நிறுவனத்தில் கட்டுக்கட்டாகக் கோப்புகளைப் படித்துச் சாரம் எழுதிக்கொண்டிருந்தவர். எந்நேரமும் கழுத்தில் ஒரு நேரமானி தொங்கும்.

மாடியறையில் பன்னிரண்டு பேர். கீழே இரும்புக் கடையில் எதையோ அறுக்கும் சத்தம். குளிர்சாதனம் பாதி வேலை செய்தது.

"இன்னைக்கு ஒரே ஒரு பாடம்தான்" என்றார் ரவூப். "எட்டுப் பக்கம். வாடகைத் தகராறு. வீட்டுக்காரருக்கும் குடியிருந்தவருக்கும் யார் சொல்றது சரின்னு நீங்க முடிவு பண்ணணும். பத்துக் கேள்வி. ரெடியா?"

நேரமானியை அழுத்தினார்.

சுரேந்தர் பாய்ந்தான். உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் படிக்கும் குரலை அடக்க வேண்டும், திரும்பிப் போகக் கூடாது, மூன்று நான்கு சொற்களை ஒரே பார்வையில் அள்ள வேண்டும். எல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆனால் கண் தாளில் ஓட, காது பக்கத்து நாற்காலியில் இருந்தது. வைதேகி பக்கம் புரட்டும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தான். அவள் மூன்று புரட்டும்போது அவன் ஐந்தாவதில் இருந்தான். அந்த நிம்மதியில் ஆறாம் பக்கத்தைக் கடந்தே போனான்.

முதல் ஆளாகக் கையைத் தூக்கினான்.

"சூப்பர், சுரேந்தர். நிமிஷத்துக்கு அறுநூத்திச் சொச்சம்" என்றார் ரவூப்.

வைதேகி கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் கழித்துக் கை தூக்கினாள். நானூற்று முப்பது.

பிறகு கேள்விகள். விடைத்தாள்களை ரவூப் திருத்தி முடித்தார். பெயர் சொல்லாமல் மதிப்பெண்ணை மட்டும் பலகையில் எழுதுவது அவர் வழக்கம். அன்று ஒரே ஒரு பெயரைச் சொன்னார்.

"வைதேகி மேடம் பத்துக்கு ஒன்பது. ஆறாம் பக்கத்துல 'முன்கூட்டியே எழுத்துல சொல்லியிருந்தால் ஒழிய'ன்னு ஒரு வரி வருது. அந்த ஒரு வரியில கேஸே தலைகீழா மாறுது. அதைப் பிடிச்சது இவங்க மட்டும்தான்."

எல்லாரும் கை தட்டினார்கள். வைதேகி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முகம் சிவந்ததைச் சுரேந்தர் பார்த்தான். கடைசியாக எப்போது தன் பேச்சுக்கு அவள் முகம் அப்படிச் சிவந்தது?

"மேடம், அடுத்த பேட்ச் முதல் நாள் வந்து ஒரு பத்து நிமிஷம் பேசுறீங்களா? நூத்தி நாப்பதுல ஆரம்பிச்சவங்க நீங்க. கேட்டா அவங்களுக்குத் தைரியம் வரும்."

"ஐயோ, நானா சார்?"

"நீங்கதான்."

சுரேந்தரின் தாளில் பத்துக்கு நான்கு என்றிருந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்தான். ரவூப் அவன் பக்கத்தில் வந்து குனிந்து மெல்லச் சொன்னார்: "எல்லா இடத்துலயும் ஒரே வேகம் வேணாம், சுரேந்தர். எக்ஸ்பிரஸ்வேல போற வேகத்துலயே கார்பார்க்குக்குள்ள நுழைவீங்களா? எங்க மெதுவாப் போகணும்னு தெரியறதுதான் இதுல பாதி வேலை."

"நான் கார் ஓட்டறதில்ல சார்" என்றான் சுரேந்தர்.

ரவூப் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

*

மணி மூன்று ஐம்பதுக்கு அவன் கைப்பேசி அதிர்ந்தது. தெரியாத எண். படிக்கட்டுக்கு வந்து எடுத்தான்.

"மிஸ்டர் சுரேந்தர்? நான் ருக்சார். தஞ்சோங் பகார்ல இருந்து பேசறேன், டாக்குமென்ட் ரிவ்யூ வேலை விஷயமா. தமிழ்ல பேசலாம்தானே?"

அவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான்.

"சொல்லுங்க மேடம்."

"டெஸ்ட்ல நீங்க ரெண்டாவது. ரிசர்வ் லிஸ்ட்ல உங்க பேர் இருக்கு. முதல்ல வந்தவங்களுக்குப் புதன்கிழமையே மெயில் போட்டோம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள வர்றேன்னு பதில் போடணும்னு அதுலயே எழுதியிருந்தோம். இதுவரைக்கும் பதில் இல்ல. போன் பண்ணாலும் எடுக்கல. அஞ்சு மணி தாண்டிட்டா அந்த இடம் உங்களுக்கு. திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வர முடியுமா?"

வைதேகியின் கைப்பேசி வகுப்பில் பைக்குள் ஒலியடக்கி வைக்கப்பட்டிருந்தது. அவளுக்கும் தெரியாத எண்ணைத் திருப்பி அழைக்கும் வழக்கமில்லை. மோசடிக் கும்பல் பற்றி அவனே அவளுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறான்.

"வர முடியும் மேடம்" என்று அவன் வாய் சொன்னது.

"குட். அஞ்சு மணிக்கு மேல கன்ஃபர்ம் பண்றேன்."

படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்தான். அஞ்சு மணிக்குள் பதில் போட வேண்டும் என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருந்ததாம். எந்தக் கடிதத்தில்? முதல் வரியை மட்டும் படித்தான். அதற்குக் கீழே எத்தனை வரி இருந்தது, இரண்டா, பத்தா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அவன் அழித்தபோது அந்த வேலை தனக்கு வரும் என்று நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. அவளுக்கு அது கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். இப்போது வேலை அவன் மடியிலேயே வந்து விழப்போகிறது. இன்னும் ஒரு மணி நேரம் அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ரெண்டாவது என்று அந்தப் பெண் சொன்னாள். முதல் ஆள் என் மனைவி. இருவருக்கும் நடுவில் யாருமே இல்லை. வேறு யாராவது முதலில் வந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காதே என்று நினைத்தான்.

*

வகுப்பு முடிந்து இருவரும் பஃபலோ ரோட்டுக்கு நடந்தார்கள். வாரக் காய்கறியை வைதேகி அங்கேதான் வாங்குவாள். வெயில் தணியவில்லை. சிராங்கூன் ரோட்டில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. பூக்கடைகளில் சரம் வாங்க வரிசை நின்றது.

"யாருங்க போன்ல?"

"பழைய ஆபீஸ் ஆளு."

கடை வாசலில் அவள் முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தாள். கல்லாவுக்கு மேல் ஒரு கடிகாரம். நாலு இருபத்தெட்டு.

அவள் கைப்பேசி ஒலித்தது. திரையில் கிளினிக்கின் பெயரைப் பார்த்து எடுத்தாள். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று முறை ஆமாம் போட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்று வைத்தாள்.

"டாக்டர்தான். என்னை ஃபுல் டைமா எடுக்கறாங்களாம். ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். இன்னைக்கே சொல்லணுமாம், இல்லேன்னா வேற ஆளைப் பாத்துடுவாங்களாம்."

"என்ன சொல்லப் போற?"

"சரின்னுதான் சொல்லப் போறேன்." அவள் முருங்கைக்காய்களைக் கடைக்காரரிடம் நீட்டினாள். "தஞ்சோங் பகார்ல நான் ஃபெயில். இத்தனை நாளாச்சு, பாஸ்னா இந்நேரம் சொல்லியிருப்பாங்க. அவங்க டெஸ்ட்ல குடுத்த நாப்பது பக்கத்துல நான் எங்கயோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டு எழுதியிருக்கேன். ரவூப் சார் மனசு நோகக் கூடாதுன்னு பாராட்டறாரு."

சுரேந்தர் கல்லாவுக்கு மேலே பார்த்தான். நாலு முப்பத்தொன்று.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே" என்றாள். "அந்த டெஸ்ட்டை நான் எழுதியிருக்கவே கூடாதுங்க. உங்க பாதையில நான் எதுக்கு குறுக்க வந்தேன்னு ரெண்டு நாளாத் தூக்கமில்ல. நான் பக்கத்துல உக்காந்ததாலதான் உங்க கவனம் சிதறிப் போச்சோ என்னமோ. இனிமே வகுப்புக்கும் வரல. அடுத்த பேட்ச்ல பேசறதெல்லாம் வேணாம்னு சார்கிட்ட சொல்லிடறேன்."

இதைத்தானே அவன் விரும்பினான்? பேனாவை ஓட்டிப் பக்கம் புரட்டும் இந்தப் புது மனுஷி போய், எந்தக் காகிதம் வந்தாலும் 'என்னங்க போட்டிருக்கு' என்று கேட்கும் பழைய வைதேகி திரும்பி வருகிறாள். அவளாகவே வருகிறாள். அவன் சும்மா நின்றால் போதும்.

அவள் கைப்பேசியை எடுத்துக் கிளினிக்கின் எண்ணைத் தேடினாள்.

"பண்ணாத" என்றான்.

"என்ன?"

"அந்த போனைப் பண்ணாத." அவன் குரல் கத்தலாக வந்தது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "நீ ஃபெயில் இல்ல. நீ ஃபர்ஸ்ட்! போதுமா? நீதான் ஃபர்ஸ்ட்! உனக்குப் புதன்கிழமையே மெயில் வந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

வைதேகிக்கு முதலில் புரியவில்லை. அவன் வேடிக்கை செய்கிறான் என்று ஒரு சிரிப்பு வர ஆரம்பித்து, பாதியில் நின்றது.

"எதை அழிச்சீங்க?"

"உன் மெயிலை. லேப்டாப்ல. நீ கிளினிக்ல இருந்தப்போ."

"எதுக்கு?"

அதற்கு அவனிடம் ஒரு சொல்தான் இருந்தது. அதைச் சொல்ல நாற்பத்தாறு வயதில் வெட்கமாக இருந்தது. "பொறாமை" என்றான்.

அவள் அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. சாமான் பையைத் தரையில் வைத்தாள்.

"மெயில்ல என்ன எழுதியிருந்துச்சு? முழுசாச் சொல்லுங்க."

"நீ முதல்ல வந்திருக்கேன்னு..."

"அப்புறம்?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"முதல் வரிதான் படிச்சேன்."

வைதேகி அவனையே பார்த்தாள். எங்கே நிற்கிறோம் என்றுகூட மறந்து பார்த்தாள். "என் வாழ்க்கைக்கு வந்த லெட்டர். அதை முழுசாப் படிக்கக்கூட உங்களுக்குத் தோணல."

"இப்போ போன் வந்துச்சு. பழைய ஆபீஸ் இல்ல, அவங்கதான். அஞ்சு மணிக்குள்ள நீ வர்றேன்னு சொல்லணுமாம். சொல்லலேன்னா அந்த இடம்..." அவன் நிறுத்தினான். "எனக்கு."

"நீங்க வர்றேன்னு சொல்லிட்டீங்களா?"

அவன் தலையசைத்தான்.

அவள் கையை நீட்டினாள். "போனைக் குடுங்க."

*

நாலு நாற்பத்தொன்றுக்கு அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. நாலு நாற்பத்தாறுக்கும் அப்படியே. நாலு ஐம்பத்திரண்டுக்கு வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. இடையில் அவளுடைய கைப்பேசியில் கிளினிக்கின் அழைப்பு வந்து வந்து ஓய்ந்தது. அவள் அதைத் தொடவில்லை. காய்கறிக் கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவள் உட்காரவில்லை.

நாலு ஐம்பத்தாறு.

"ஹலோ, சொல்லுங்க மிஸ்டர் சுரேந்தர், நான்தான் அஞ்சு மணிக்கு மேல கூப்பிடறேன்னு..."

"மேடம், நான் வைதேகி பேசறேன். டெஸ்ட்ல முதல்ல வந்த வைதேகி. திங்கக்கிழமை நான் வர்றேன். இப்போ அஞ்சு ஆகல."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஒலி. ருக்சாரின் குரல் சுரேந்தருக்கும் கேட்டது. அவன் அவ்வளவு கிட்டத்தில் நின்றான்.

"உங்க கன்ஃபர்மேஷனைப் பதிவு பண்ணிட்டேன். நாலு ஐம்பத்தேழு. மெயிலை மறுபடி அனுப்பறேன்." அவள் சற்றுத் தயங்கினாள். "ஆனா இது மிஸ்டர் சுரேந்தரோட நம்பர் இல்லையா?"

"ஆமா. அவர் என் வீட்டுக்காரர்."

"ஓ." விசைப்பலகைச் சத்தம் நின்றது. "ரெண்டு பேரும் ஒரே வீடா? அப்போ புதன்கிழமை மெயிலை நீங்க ஏன் பாக்கல மேடம்? நான் ரெக்கார்டுல ஏதாவது எழுதியாகணும். தப்பா எடுத்துக்காதீங்க."

வைதேகி கணவனைப் பார்த்தாள். சிஸ்டம் கோளாறு என்று சொல்லலாம். கவனிக்கவில்லை என்று சொல்லலாம். இருபது வருடமாக அவனுக்காக அவள் சொந்தக்காரர்களிடம் சொன்ன சின்னச் சின்னச் சமாளிப்புகள் எத்தனையோ. அவனும் அப்படி ஒன்றுக்காகத்தான் காத்து நின்றான்.

"அதை அவரே சொல்வாரு மேடம்" என்று கைப்பேசியை அவனிடம் நீட்டினாள்.

சுரேந்தர் வாங்கினான்.

"மேடம்... மெயிலை அழிச்சது நான். அவளுக்குத் தெரியாது. இப்பத்தான் சொன்னேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

"நீங்களும் அதே லிஸ்ட்ல இருக்கறவர், சார்."

"ஆமா."

"இது நான் முடிவு பண்ற விஷயம் இல்ல. டைரக்டர்கிட்ட சொல்லியே ஆகணும்." ருக்சாரின் குரலில் முன்பிருந்த இதம் இல்லை. "திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு ரெண்டு பேருமே வாங்க. அதுவரைக்கும் அந்த இடம் யாருக்கும் உறுதின்னு என்னால சொல்ல முடியாது. மேடமுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. வைதேகி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"உண்மையைச் சொன்னதுக்கு எனக்கும் சேர்த்து ஆப்பா?" என்றாள். குரல் முதல் முறையாக உடைந்தது.

*

இருவரும் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்குள் இறங்கினார்கள். செங்காங் போக ஊதா நிற ரயில் பாதை. சுரேந்தர் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பி நான்கு அடி நடந்த பிறகுதான் அவள் உடன் வரவில்லை என்பதைக் கவனித்தான்.

அவள் நீல நிறப் பாதையின் நகரும் படிக்கட்டு அருகே நின்றாள்.

"நான் பூன் லே போறேன். தாரணி அக்கா வீட்டுக்கு. திங்கக்கிழமை அங்கிருந்தே வந்துடறேன்."

"வைதேகி, வீட்டுக்கு வா. பேசலாம்."

"இப்போ பேசினா நீங்க அழுவீங்க. நான் உங்களைச் சமாதானப்படுத்துவேன். அதுல என் கோவம் போயிடும். இந்தத் தடவை எனக்கு அது போக வேண்டாம்."

"கவி கேட்டா?"

"நான் அவகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க." காய்கறிப் பையை அவன் கையில் கொடுத்தாள். "டாக்டருக்கு வேற பதில் சொல்லணும். எந்த வேலை இருக்கு, எது இல்லன்னே எனக்குத் தெரியல."

படிக்கட்டு அவளைக் கீழே கொண்டுபோனது. ஒரு முறைகூட அவள் திரும்பவில்லை.

வீட்டுக் கதவைக் கவிப்ரியா திறந்தாள். அவள் கையில் ஒரு பயணப் பை. மேலே வைதேகியின் கருநீலச் சட்டையும் கால்சட்டையும் மடித்து வைத்திருந்தது தெரிந்தது.

"அம்மா போன் பண்ணாங்க. இன்டர்வியூ டிரெஸ் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. எதுக்குப் பெரியம்மா வீட்டுல இருக்கீங்கன்னு கேட்டா, 'அப்பா சொல்வாரு'ங்கறாங்க. என்னப்பா ஆச்சு?"

சுரேந்தர் காய்கறிப் பையை இறக்கி வைத்தான். செருப்பைக் கழற்றாமலேயே சொன்னான். கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

கவிப்ரியா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "சாப்பிட்டுப் படுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மின்தூக்கிப் பக்கம் போனாள். அந்த ஒரு வார்த்தையில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சோபாவில் உட்கார்ந்தான். தான் செய்தது எவ்வளவு கேவலம் என்று அவனுக்குத் தெரியும். குரல் உடைந்தபோது இருந்த அவள் முகம் கண்ணிலேயே நின்றது. ஆனாலும், இவ்வளவுக்குப் பிறகும், அடி நெஞ்சில் ஏதோ ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவள் முதல். நான் இரண்டாவது. மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்த மனம், அதை மட்டும் இன்னும் ஏற்றுக்கொள்ள மறுத்தது.

கைப்பேசி ஒளிர்ந்தது. ருக்சாரிடமிருந்து மின்னஞ்சல். இருவர் பெயருக்கும் சேர்த்து அனுப்பியிருந்தாள்.

இந்த முறை அவன் ஒவ்வொரு வரியாகப் படித்தான். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி, ஏழாவது மாடி. இயக்குநர் இருவரையும் ஒன்றாக வைத்து விசாரிப்பார். அதற்குக் கீழே இன்னும் ஒரு பத்தி இருந்தது: முடிவெடுக்கும் முன் இருவருக்கும் அங்கேயே, ஒரே அறையில், புதிதாக ஒரு தேர்வு வைக்கப்படும்.